குதிகால் வலி

காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது குதிகாலில் முள் தைத்தாற்போல் ஒரு வலி. பத்தடி நடந்ததும் சற்றே தணியும். எலும்பு வளர்ந்துவிட்டது என்று பலர் கூற நான் கேட்டிருக்கிறேன். எலும்பு முனை நீண்டிருந்தும் வலியே அறியாதார் பலர் உளர். ஆதலின் காரணம் வேறு.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு இஃது அப்படி. நடக்கையில் பெருவிரல் மேல்நோக்கி மடங்குந்தோறும் நாண் இழுபட, வளைவு உயர்கிறது. இதனை 1954-இல் ஹிக்ஸ் என்பார் விளக்கினார். ஓயாது இழுபடும் நார், குதிகாலைப் பற்றிய இடத்தில் நைந்துபோகிறது. கெண்டைத்தசை இறுகியவர்க்கு இழுப்பு மிகுதி.

கைரோபிராக்டிக் என்னும் கைம்முறை மருத்துவத்தை 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கினார். முதுகெலும்பையே பெரிதும் நாடிய அம்முறையினர் இன்று பாதத்தையும் கவனிக்கின்றனர். விறைத்த கணுக்காலை அசைத்து இளக்குவதும், கெண்டையைப் பிசைவதும் நாரின் பளுவைக் குறைக்கக்கூடும். நழுவிய எலும்பை ஏற்றினோம் என்று எவரேனும் சொன்னால் மட்டும் நான் ஏற்கேன். இந்நோயில் எலும்பு எதுவும் நழுவவில்லை.

அவர் கையினும் நம் கையே நாள்தோறும் உதவுவது. படுக்கையைவிட்டு இறங்குமுன் கால்விரல்களை முழங்கால் பக்கமாக வளைத்துப் பத்து விநாடி பிடித்திருங்கள், பத்துமுறை செய்யுங்கள். பொறுமை வேண்டும், தணியப் பல மாதங்கள் ஆகலாம். குதிகால் மரத்துப்போனாலோ வீங்கினாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.