பாதத்துக்கு பெட் ரெஸ்ட் இல்லை

டாக்டர் ‘பெட் ரெஸ்ட்’ என்று எழுதிக் கொடுத்த அன்றே கட்டில் ஜன்னலோரம் நகர்ந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில், சார்ஜர், மாத்திரை டப்பா. கூடவே அம்மாவின் உத்தரவு: “அசையாமப் படு. எது வேணும்னாலும் என்னைக் கூப்பிடு.” நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, கருப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட அம்மா வேறு என்ன சொல்வாள்? டாக்டர் சொன்னது ‘நடமாடாதே’. வீட்டாருக்குக் கேட்டது ‘அசையாதே’.

உங்கள் கெண்டைக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாதத்தை முகம் பக்கம் இழுத்துப் பிறகு கீழே அழுத்திப் பாருங்கள். கைக்குள் சதை கல்லாக இறுகும். அந்த இறுக்கத்தில் உள்ளேயிருக்கும் சிரைகள் பிழியப்பட்டு ரத்தம் மேலேறுகிறது; திரும்ப இறங்காதபடி வால்வுகள் மூடிக்கொள்கின்றன. தெருமுனை அடிபம்பின் கதைதான். நடக்கும்போது பம்பு தானாக ஓடும். நாள் முழுக்கப் படுத்துவிட்டால் அடிக்க ஆளில்லை.

அதுவும் கர்ப்ப காலத்தில். பிரசவத்தில் ரத்தம் போகும் என்று உடம்பு முன்கூட்டியே ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டி வைத்திருக்கிறது. வளரும் கருப்பை வேறு இடுப்புச் சிரைகளை நெருக்குகிறது. அதனால் சிரையில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து கர்ப்பிணிக்கு 4 முதல் 5 மடங்கு அதிகம். பெரும்பாலும் இடது காலில்தான் வரும். அந்தக் காலின் சிரை இடுப்புக்குள் வலப்பக்கத் தமனிக்கு அடியில் நசுங்கியபடி வருகிறது.

படுக்கை கெடுப்பது கால் சிரைகளை மட்டுமல்ல. 1966-இல் அமெரிக்காவின் டாலஸில் 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்க வைத்தார்கள். ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தால், வயது செய்த கெடுதலைவிட அந்த 3 வாரப் படுக்கை செய்தது அதிகம்! குறைப்பிரசவத்தைப் படுக்கை தடுக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனாலும் நம் ஊரில் இன்னும் பெட் ரெஸ்டைத் தாராளமாகத்தான் எழுதுகிறார்கள். ‘எதுவரை எழுந்திருக்கலாம், எதையெல்லாம் அசைக்கலாம்?’ என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அவர் சரி என்றால், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. மணிக்கொரு முறை பாதத்தை மேலும் கீழும் பத்து இருபது தடவை. கணுக்காலைச் சுழற்றலாம், குதிகாலை மெத்தையில் உரசியபடி முழங்காலை மெல்ல மடக்கி நீட்டலாம். கைகளுக்குத் தோள் சுழற்றல் போதும். மூச்சை அடக்கக் கூடாது. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, தலையைத் தூக்கி வயிற்றை இறுக்குவது இரண்டும் வேண்டாம். வயிறு இறுகினாலோ, ரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ அத்தோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், அம்மா தைலத்தோடு உருவிவிட வருவாள். தடுத்துவிடுங்கள். உள்ளே உறைந்த ரத்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அந்தக் காலை அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.