அந்த 650 எங்கேயிருந்து வந்தது?

உட்காருங்கண்ணே, டீ சொல்லியாச்சு. பாப்பா மேசைக்கு மேல "நீட் 650"ன்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே, அந்தக் கணக்கு யார் சொன்னது? சொந்தக்காரப் பையன் யாரோ எடுத்து சீட் வாங்கினானா?

அங்கதான் இடிக்குது. மொத்தம் 720ங்கறது மாறல, அதோட மதிப்பு வருஷத்துக்கு வருஷம் மாறுது. 2024ல முதல்ல வந்த ரிசல்ட்ல 67 பேர் முழு மார்க். திருத்தினப்புறம் 17 பேர். 2025ல பிசிக்ஸ் பிழிஞ்சு எடுத்துடுச்சு, நாட்டுக்கே முதல் மார்க் 686. அந்த வருஷம் 650ஐத் தாண்டினவங்க நூறு பேர்கூட இல்ல. பொதுப்பிரிவு தகுதி மார்க்கே 162லேர்ந்து 144க்கு இறங்குச்சு. அதனால மார்க்கை விடுங்க, ரேங்க்கைப் பிடிங்க. போன வருஷ கவுன்சலிங்ல உங்க கம்யூனிட்டில கடைசி சீட் எந்த ரேங்க்ல முடிஞ்சதுன்னு பாருங்க.

இப்ப பாப்பாவோட மாக் டெஸ்ட் தாளை எடுப்போம். 180 கேள்வி. 118 சரி, 52 தப்பு, 10 விட்டிருக்கு. சரிக்கு நாலு நாலா 472, அதுல தப்புக்கு ஒண்ணு ஒண்ணா 52 போனா 420. இது ஒரு டெஸ்ட். கடைசி நாலஞ்சு டெஸ்டோட சராசரிதான் பாப்பா நிக்கிற இடம். என்னிக்கோ ஒருநாள் வந்த 480ஐ வச்சு ஊரெல்லாம் சொல்லாதீங்க.

அந்த 52 தப்பையும் பாப்பாவோட உட்கார்ந்து பிரிங்க. "தவறானது எது"ன்னு கேட்டதுக்கு சரியானதைக் குறிச்சது, சென்டிமீட்டரை மீட்டரா மாத்தாம விட்டது, ஓஎம்ஆர்ல வரிசை தவறினது. இப்படித் தெரிஞ்சிருந்தும் தப்பாப் போனது 12 இருக்குன்னு வைங்க. ஒவ்வொண்ணுக்கும் வரவேண்டிய 4 போச்சு, மேல 1 வெட்டு. அஞ்சு பன்னெண்டு 60. புதுசா ஒரு பாடம் தொடாமலே 480! அடுத்த மூணு மாசத்துக்கு அதுதான் இலக்கு. அங்க நின்னப்புறம் பயாலஜி. பாதி மார்க், 360, அதுலதான் இருக்கு. என்சிஇஆர்டியை வரி விடாம படிக்கச் சொல்லுங்க.

நெகட்டிவ் மார்க்குக்கு ரொம்பப் பயப்படவும் வேண்டாம். குருட்டாம்போக்குல நாலு கேள்வி குறிச்சாலும் சராசரியா ஒண்ணு சரி, மூணு தப்பு, ஒரு மார்க் மிச்சம். தெரியும்னு நம்பித் தப்பா குறிக்கறதுதான் ஆளைச் சாய்க்குது.

ஆமா, பாப்பா ஆறாவதுலேர்ந்து அரசுப் பள்ளிதானே? அப்படின்னா முதல்ல 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தனியா எடுத்துப் பாருங்க. அங்க நீங்க தேட வேண்டிய ரேங்க்கே வேற.