நர்ஸ் முதலில் தர வேண்டியது அனுமதி

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு தாள் கொடுப்பாங்க. உப்பு, நடை, மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். தாம்பத்திய உறவை மறுபடி எப்போது தொடங்கலாம் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. கேட்க நோயாளிக்குக் கூச்சம். அவரே கேட்கட்டும் என்று நர்ஸ் இருப்பார். இப்படி இரண்டு பேரும் அடுத்தவருக்காகக் காத்திருப்பதற்கு எங்க துறையில் டெட்லாக் என்று பேர்.

இதை உடைக்க 1976-லேயே ஒரு வழி சொன்னார் ஜாக் அனன் என்ற அமெரிக்க உளவியலாளர். பிளிசிட் என்று பெயர். நர்சிங்கில் இன்றைக்கும் பயன்படுகிறது. நான்கு படிகள்: அனுமதி, அளவான தகவல், குறிப்பான யோசனை, தீவிர சிகிச்சை. சாஃப்ட்வேர் சப்போர்ட்டில் எல்1, எல்2 என்று பிரிப்போமே, அந்த மாதிரிதான். ஒரு படியில் தீராதவர்கள் மட்டும் அடுத்த படிக்குப் போனால் போதும்.

அனுமதி என்பது பேசலாம் என்று உணர்த்துவது. "இந்தச் சிகிச்சைக்கு அப்புறம் தாம்பத்தியம் பற்றி நிறைய பேருக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" அவ்வளவுதான். "நிறைய பேருக்கு" என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கு. நமக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தாலே பாதிக் கூச்சம் போயிடும். "இல்லை" என்று பதில் வந்தாலும் பரவாயில்லை, கதவு திறந்தாச்சு. ஆனால் சொந்தக்காரங்க சுற்றி நிற்கும்போது கேட்கக் கூடாது. வயசானவர், தனியாக இருப்பவர் என்று நாமே முடிவு கட்டிக் கேட்காமல் விடவும் கூடாது.

அடுத்தது அளவான தகவல். இரண்டு மாடி வேகமாக ஏறி நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வரவில்லை என்றால் பொதுவாக உறவுக்குத் தடை இல்லை. சிக்கலில்லாத மாரடைப்பு என்றால் ஒரு வாரத்துக்குப் பிறகே தொடங்கலாம் என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2012 அறிக்கை. இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபில் மாதிரி மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும். கூச்சத்தில் யாரிடமும் கேட்காமல் கடையில் வாங்குபவருக்கு இதை யார் சொல்வது?

பிரசவ வார்டிலும் இதே கதைதான். பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்று நம்புபவர்கள் உண்டு. அந்தப் பாதுகாப்புக்கு மூன்று நிபந்தனை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கணும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் வேறு முறை வேணும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம் என்பதால் அது வரட்டும் பார்க்கலாம் என்று இருப்பதும் சரியில்லை.

மூன்றாவது படி, அவரவர் நிலைமையைக் கேட்டுச் சொல்லும் யோசனை. வயிற்றில் மலப்பை பொருத்தியவரிடம், "முன்கூட்டியே பையைக் காலி செய்துக்குங்க, துணி உறை போட்டுக்கலாம்" என்பது போல. இதற்குப் பயிற்சி வேணும். நான்காவது படி நிபுணரின் வேலை.

2006-ல் பிரிட்டனில் டெய்லரும் டேவிஸும் இதைத் திருத்தினார்கள். அனுமதி ஒரு தடவை தந்து முடிப்பதல்ல, ஒவ்வொரு படியிலும் தரணும், பிறகு மறுபடி விசாரிக்கணும் என்றார்கள். நியாயம்தான். முதல் நாள் வலியில் "ஒண்ணுமில்லை" என்றவருக்கு மூன்றாம் வாரம் கேள்வி வரும்.

உங்க வீட்டில் யாராவது டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ் இதைப் பற்றிப் பேசவில்லையா? நீங்களே கேட்டுடுங்க. அவருக்கும் யாராவது ஆரம்பித்தால் போதும்.