கபடியிலிருந்து குத்துச்சண்டைக்கு

மடத்துக்குளம் பக்கம் கபடி ஆடுகளத்தில் ஆறடியைத் தாண்டிய பையன் இறங்கினால், "இவனை பாக்ஸிங்குக்கு அனுப்பலாமே" என்று யாராவது சொல்லக்கூடும். வீண்பேச்சு இல்லை அது. உத்தரப் பிரதேசத்தின் குத்துச்சண்டை வீரர் சதீஷ் குமாரும் முதலில் கபடிக்காரர்தான். ராணுவத்தில் சேர்ந்த பிறகு, உயரத்தைப் பார்த்துப் பயிற்சியாளர்கள் அவர் கையில் கையுறை மாட்டினார்கள். 91 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர். டோக்கியோவில் மேடை ஏறியபோது வயது 32! இந்த எடையில் 18 வயதுப் பையனுக்கு அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அந்தப் பையனின் நாக் அவுட் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். கனத்த எடையில் போட்டிக்கு ஆளே குறைவு. எதிராளி யார் என்று கேளுங்கள். பையனின் காலைப் பாருங்கள். குத்திய கை உடனே தாடைக்குத் திரும்புகிறதா? மூன்றாவது சுற்றில் வாய் பிளந்து மூச்சு வாங்குகிறானா?

டோக்கியோ காலிறுதியில், முந்தைய சண்டையில் கிழிந்த முகத்தில் 13 தையல்களோடு சதீஷ் மூன்று சுற்றும் நின்றார். 0-5 என்று தோல்வி. வென்ற உஸ்பெகிஸ்தானின் ஜலோலோவுக்குத்தான் அந்த முறை தங்கமும்.