பக்கத்து இருக்கையில் பெற்றோர்



பிள்ளைக்குப் பதினாறு வயது நிரம்பிவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். "என் கூட்டாளிங்க எல்லாரும் மோட்டார் ஓட்டுறாங்க, எனக்கு மட்டும் எப்போ லைசன்ஸ்?" என்று பையன் கேட்பான். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொல்வார். காதில் விழாததுபோல் அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பார். இந்தக் காட்சியைப் பார்க்காத வீடு நம்மில் அதிகம் இருக்காது.

வேண்டாம் என்று எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்? முன்பு தோட்டத்து முச்சந்திவரை வந்து நின்ற பேருந்து பல இடங்களில் இன்று வருவதில்லை. மேல்படிப்புக்கும் தொழிற்சாலை வேலைக்கும் பட்டணம்தான் போக வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாத பிள்ளை, வேலை கிடைத்தும் போக வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்துத்தான் இருக்கிறோம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் அதிகம்.

பயத்தினால் பெற்றோர் ஒதுங்கிக்கொண்டால் பிள்ளை பழகாமல் இருந்துவிடுவதில்லை. சாயங்காலம் திடலுக்குப் பின்னால் ஒரு கூட்டாளியிடம் மோட்டாரை வாங்கி, லைசன்ஸும் தலைக்கவசமும் இல்லாமல் பழகிவிடுகிறான். நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்குப் பதினாறு வயதும் காருக்குப் பதினேழு வயதும் ஆக வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் ஓட்டுவது குற்றம். லைசன்ஸ் இல்லாதவருக்குத் தம் வண்டியை ஓட்டக் கொடுப்பவரும் குற்றவாளியே. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கக்கூடும். மலேசியாவில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆகவே பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பயப்பட வேண்டிய காரியந்தான். அந்தப் பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் காரைப் பற்றிச் சொல்கிறேன். எல் லைசன்ஸ் காலத்தில் பிள்ளை பயிற்சிப் பள்ளியின் காரில், அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரோடுதான் ஓட்டிப் பழக வேண்டும். அந்தக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவர் அமைதியாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். பெற்றோரின் முறை அதற்குப் பிறகு வருகிறது. சோதனையில் தேறியவர்கள் இரண்டாண்டுக் காலம் சிவப்பு நிறத்தில் வெள்ளை 'பி' எழுத்து ஒட்டி ஓட்ட வேண்டும். அந்த நாட்களில் பிள்ளை நம் வீட்டுக் காரை எடுக்கும். நாம் பக்கத்தில் ஏறி உட்காருவோம். நம் காலடியில் பிரேக் இல்லை. இருந்தாலும் நம் கால் சும்மா இருப்பதில்லை, வெறும் தரையைப் போட்டு மிதிக்கிறது!

என் மகள் படிவம் ஐந்து முடித்துச் சோதனையில் தேறிய மாதம் அது. என்னுடைய பழைய புரோட்டோன் சாகாவை அவள் ஓட்ட, நான் இடப்பக்கம் உட்கார்ந்து பட்டணத்துக்குப் புறப்பட்டோம். தோட்டத்துச் செம்மண் சாலை தார்ச்சாலையில் சேரும் இடத்தில், வலப்பக்கமிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள், வேகத்தையும் குறைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியவில்லை. "போகாதே, போகாதே!" என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கிளட்சிலிருந்து கால் நழுவியது. கார் ஒரு குலுங்கு குலுங்கி, முன்சக்கரம் தார்ச்சாலையில் ஏறிய நிலையில் நின்றுபோனது. லோரிக்காரர் நல்ல மனிதர். வண்டியை நிறுத்தி, ஒலியும் எழுப்பாமல் காத்திருந்தார்.

மகள் காரை ஓரங்கட்டினாள். சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, "நீங்களே ஓட்டுங்கப்பா" என்றாள். மூன்று வாரம் அவள் அந்தக் காரைத் தொடவில்லை. கரும்பலகையில் கணக்குப் போடும் மாணவனின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்காதே, தெரிந்த கணக்கும் தப்பாகும் என்று பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் அதை நான் மறந்ததில்லை, காரில் மறந்துவிட்டேன்.

அந்த மூன்று வாரமும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புலப்பட்ட சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

வண்டியை ஓட்டுகிறவருக்கு அடுத்து நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும். எங்கே வளைப்போம், எப்போது பிரேக் பிடிப்போம் என்பதை அவருடைய உடம்பு அறிந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. மலைப்பாதையில் பயணிகளுக்குத் தலை சுற்றினாலும் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் சுற்றாததற்கும் காரணம் இதுவே. இருபது வருடம் ஓட்டிப் பழகிய தகப்பனாரின் கண் ஆபத்தைச் சீக்கிரம் கண்டுகொள்கிறது. ஆனால் கையும் காலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்ய வேலையில்லாத பயம் முழுவதும் தொண்டைக்கு வந்து கத்தலாக வெளிப்படுகிறது.

இன்னொன்று, உட்காரும் இடம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். நாம் எந்நாளும் அங்கிருந்துதான் சாலையைப் பார்த்திருக்கிறோம். பிள்ளை ஓட்டும்போது நாம் இடப்பக்கம் மாறிவிடுகிறோம். ஓரத்துக் கால்வாய் நம் காலுக்குக் கீழேயே ஓடுவதுபோல் தெரியும். பிள்ளை சரியாக ஓட்டினாலும், "ஐயோ, கால்வாயில் விடுகிறாளே" என்று தோன்றும். புதிதாக ஓட்டுபவர்கள் கொஞ்சம் இடப்பக்கம் ஒட்டிப் போவதும் உண்டு. எல்லாம் நம் கற்பனை என்றும் சொல்வதற்கில்லை. ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையோடு போவதற்கு முன், நன்றாக ஓட்டத் தெரிந்த தம்பியையோ மைத்துனரையோ ஓட்டச் சொல்லி, நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து அதே சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். கால்வாய் உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். நான் அப்படிப் போய் வந்த பிறகு பாதிப் பயம் குறைந்தது.

அடுத்தது நேரக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. நாம் "பிரேக் பிடி" என்று சொல்லி முடிக்க ஒரு வினாடி ஆகும். அது பிள்ளையின் காதில் விழுந்து, விளங்கி, கால் பிரேக்குக்குப் போக இன்னொரு வினாடி. அதற்குள் வண்டி 34 மீட்டர் போய்விடும். செம்பனை மரங்களை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம் அல்லவா? கிட்டத்தட்ட நான்கு மரத் தொலைவு அது. பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. கடைசி நேரத்தில் கத்துவதால் பயன் இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. சொல்ல வேண்டியதை முன்னதாகச் சொல்ல வேண்டும். "முன்னால் பள்ளிக்கூடம் வருது, வேகத்தைக் குறைச்சுக்கோ", "அந்த லோரி சிக்னல் போட்டிருக்கு, பார்த்தியா?" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். குரல் உயர்ந்துவிட்டால் பிள்ளை வார்த்தையைக் கேட்பதற்கு முன் பயத்தைக் கேட்கிறது; சாலையை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது.

சொல்லும் சொல்லிலும் கவனம் வேண்டும். நான் அன்று கத்திய "போகாதே" என்ற சொல்லில் முதலில் காதில் விழுவது "போ" என்பதுதான். பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு மீதி எழுத்துகள் வந்து சேர்வதற்குள் கால் வேலை செய்துவிடும். "விடு" என்றால் கிளட்சை விடுவதா, எண்ணெயை விடுவதா? "அமுக்கு" என்றால் எதை? அதனால் புறப்படுவதற்கு முன், நின்ற காரில் உட்கார்ந்தே, இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. நிறுத்த வேண்டுமானால் "நில்". வேகம் குறைக்க "மெதுவா". வேறு எதையும் ஓடும் வண்டியில் சொல்வதில்லை என்று நானும் மகளும் முடிவு செய்தோம். திருத்த வேண்டியது எதுவானாலும் காரை ஓரமாக நிறுத்திய பிறகுதான். அப்படி நிறுத்தியதும் பாதிக் குறைகள் சொல்லத் தகுதியில்லாதவையாகத் தோன்றும் என்பது என் அனுபவம்.

யார் பக்கத்தில் உட்காருவது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். அப்பாதான் உட்கார வேண்டும் என்று சட்டம் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று வாரம் கழித்து மகளோடு காரில் ஏறியவர் அவளுடைய அம்மா. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிளட்ச் எது, பிரேக் எது என்றும் தெரியாது. பேரங்காடிக்குப் போக வேண்டும் என்றார், ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் மீன் விலையைப் பற்றியும், அக்காள் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே போனாராம். "உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்று பிறகு நான் கேட்டேன். "பயந்தான். மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்" என்றார். பையின் காது பிய்ந்து போயிருந்தது.

இனி மோட்டார் சைக்கிள். இதில் பெற்றோர் பக்கத்தில் உட்கார இடமே இல்லை. எல் லைசன்ஸ் உள்ளவர் பின்னால் ஆளை ஏற்றவும் கூடாது. ஆகவே பயம் முழுவதும் வீட்டு வாசலில் காத்திருக்கும் பயமாகிவிடுகிறது. இந்தப் பயத்துக்குச் செய்ய வேண்டிய வேலையெல்லாம் வண்டி புறப்படுவதற்கு முன்புதான். தலைக்கவசத்தின் வாரை மாட்டி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கியிருக்கிறானா? வார் மாட்டாத கவசம் விழும்போது ஆளுக்கு முன் பறந்துவிடும். டயரில் பள்ளம் தேய்ந்திருக்கிறதா? பகலிலும் முன்விளக்கு எரிகிறதா? பின்விளக்கு எரிகிறதா? பையனோடு சேர்ந்து குனிந்து இதையெல்லாம் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். நம் செம்மண் சாலைக்கு வேண்டிய பாடங்களையும் அப்போதே சொல்லலாம். கற்பொடியின் மேல் முன்பிரேக்கைத் திடீரென்று இறுக்கிப் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பதும், மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தார்ச்சாலை மிகவும் வழுக்கும் என்பதும், பெரிய லோரியின் இடப்பக்கம் ஒட்டிப் போனால் ஓட்டுநருக்கு நம்மைத் தெரியாது என்பதும் அனுபவம் உள்ள தகப்பனார்களுக்குத் தெரிந்தவைதான். தெரிந்ததைச் சொல்லாமல் "பார்த்துப் போடா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். எதைப் பார்ப்பது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் கைப்பேசியில் அழைக்காதீர்கள். அம்மா அழைக்கிறார் என்றால் நல்ல பிள்ளை எடுக்கத்தான் பார்க்கும். ஒரு கையில் கைப்பேசி, ஒரு கையில் மோட்டார் என்று ஆகிவிடும். போய்ச் சேர்ந்ததும் அவனே அழைக்க வேண்டும், வழியில் நீங்கள் அழைப்பதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் கடினமானதுதான். துணி துவையுங்கள், வெங்காயம் உரியுங்கள், சாமி படத்துக்கு முன் விளக்கேற்றுங்கள். கைப்பேசியை மட்டும் எடுக்க வேண்டாம்.

எங்கள் காருக்குத் திரும்ப வருகிறேன். மகள் இப்போது தினமும் தனியாகப் பட்டணம் போய் வருகிறாள். தீபாவளிக்கு முதல் நாள் மூவருமாகப் புறப்பட்டோம். மகள் ஓட்டினாள், நான் இடப்பக்கம், அவள் அம்மா பின்னால். அதே முச்சந்தி வந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் என் வலது கால் தரையை நன்றாக மிதித்துக்கொண்டிருந்தது. மகள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசியில் என் காலையும் பார்த்தாள்.

"அப்பா, நீங்க பிரேக்கை எடுத்தாத்தானே நான் போக முடியும்?" என்றாள்.