ஒரு டீச்சர் பேரில் டிரஸ்ட்: எதைக் காப்பாற்றப் போகிறோம்?

இந்த வார எபிசோட் எங்க ஸ்கூல் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஆரம்பித்த ஒரு சண்டையில் இருந்து வருது.

மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க ஒன்பதாம் வகுப்பு டீச்சர் இறந்துபோனாங்க. பொங்கல் வாழ்த்தும் கல்யாணப் பத்திரிகையும் தவிர வேற எதுவும் வராத குரூப் அது. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெசேஜ் வந்துக்கிட்டே இருந்தது. ஆளாளுக்கு டீச்சரைப் பற்றி ஒரு கதை. மறுநாள் காலையில் ஒருத்தன் கேட்டான்: "டீச்சர் பேர்ல ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சா என்ன?" ஒரே வாரத்தில் மூணு லட்சம் ரூபாய் சேர்ந்துவிட்டது.

பணம் சேர்ந்த பிறகுதான் சண்டை. ஸ்கூல் வாசலில் டீச்சர் பேரில் ஒரு வளைவு கட்டலாம் என்றார்கள் சிலர். பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்குபவருக்கு வருஷா வருஷம் பரிசு கொடுக்கலாம் என்றார்கள் சிலர். எனக்கு ரெண்டுமே உறுத்தியது. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு ஆசிரியரின் அன்பை ஒரு அறக்கட்டளை எப்படித் தொடர முடியும் என்று தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் லியோ புஸ்காலியா.

காலியான ஒரு இருக்கை

1924-ல் லாஸ் ஏஞ்சல்ஸில், இத்தாலியில் இருந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் பிறந்தவர் லியோ. முழுப் பெயர் ஃபெலீச்சே லியோனார்டோ புஸ்காலியா. 'ஃபெலீச்சே' என்றால் இத்தாலிய மொழியில் 'மகிழ்ச்சியான' என்று அர்த்தம். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் சிறப்புக் கல்வித் துறைப் பேராசிரியர். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியர்களை உருவாக்குவது அவருடைய வேலை. 1960-களின் இறுதியில் அவர் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். நல்ல புத்திசாலி. பாடம் நடக்கும்போது முகத்தைப் பார்த்தாலே கவனிக்கிறார் என்று தெரியும். அப்படி ஒருத்தர் இருந்தால் வகுப்பெடுப்பவருக்கே ஒரு தெம்பு. ஒரு நாள் அவர் வரவில்லை. தொடர்ந்து வரவில்லை. இவர் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டார் என்று.

லியோவை அது உலுக்கிவிட்டது. எழுத, படிக்க, கணக்குப் போட எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் உயிரோடு இருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, நீ எனக்கு முக்கியம் என்று யாராவது எந்த வகுப்பிலாவது சொல்கிறோமா? தினமும் எதிரில் உட்கார்ந்திருந்த ஒருத்தரின் மனசுக்குள் என்ன ஓடியது என்று தனக்கே தெரியவில்லையே என்ற கேள்வி அவரை விடவில்லை.

(இதைக் கேட்கும்போது உங்களுக்கே மனசு கனமா இருந்தா, தனியா இருக்காதீங்க. 14416, டெலி மானஸ். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.)

லவ் 1ஏ

அதற்கு அவர் கண்டுபிடித்த பதில், ஒரு வகுப்பு. பேரு 'லவ் 1ஏ'. காலேஜ்ல 'மேத்ஸ் 1'னு பேப்பர் இருக்குமே, அந்த மாதிரி. மதிப்பெண் கிடையாது, கிரெடிட் கிடையாது. அவருக்கும் அதற்குச் சம்பளம் கிடையாது. சக பேராசிரியர்கள் சிலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் மாணவர்கள் வந்தார்கள். கொஞ்ச காலத்தில் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் அளவுக்கு வந்தார்கள்.

அந்த வகுப்பின் அடிப்படை ஒரே ஒரு கருத்துதான்: அன்பு பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதில்லை, அது பழகிப் பழகிக் கற்றுக்கொள்வது. நீச்சல் மாதிரி. தண்ணீரைப் பற்றி எத்தனை புத்தகம் படித்தாலும் நீச்சல் வராது இல்லையா?

இதற்கு அவரே தன் மேடைப் பேச்சுகளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. எதிலும் அர்த்தமே இல்லை என்று சலித்துப்போன ஒரு மாணவனை, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முதியோர் பராமரிப்பு விடுதிக்கு அழைத்துப்போனார். படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வயதானவர்கள். பையன் திகைத்துவிட்டான். முதியோரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே என்றான். ரொம்ப நல்லது, அதோ அந்த அம்மாவிடம் போய் ஒரு வணக்கம் சொல்லு, அது போதும் என்றார் லியோ. பையன் அடுத்த வாரமும் போனான், அதற்கடுத்த வாரமும் போனான். பல நாள் கழித்து லியோ பார்க்கிறார்: கேம்பஸுக்குள் அந்தப் பையன் முன்னால் நடக்க, பின்னால் ஒரு பெரிய வரிசையாக முதியவர்கள். எல்லாரும் ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, லியோ அந்தப் பையனுக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை என்பதுதான். ஒரு இடத்தைக் காட்டினார், ஒரு சின்ன வேலையைக் கொடுத்தார். மற்றதை அந்த வேலையே சொல்லிக்கொடுத்துவிட்டது.

1972-ல் அந்த வகுப்பின் அனுபவங்கள் 'லவ்' என்ற பெயரிலேயே புத்தகமாக வந்தது. 1980-களில் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியில் அவர் பேச்சுகள் ஒளிபரப்பாகி, நாடு முழுக்கத் தெரிந்த ஆளானார். அவர் எழுதிய ஐந்து புத்தகங்கள் ஒரே நேரத்தில் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இருந்த காலமும் உண்டு. பேச்சு முடிந்ததும் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள், கையெழுத்துக்கு மட்டும் இல்லை, கட்டிப்பிடிக்க. மணிக்கணக்கில் நின்று ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அனுப்புவார். 'இதெல்லாம் வெறும் சர்க்கரைப் பாகு' என்று விமர்சித்தவர்களும் இருந்தார்கள். அந்த விமர்சனத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கு. டிவியில் பார்த்தால் கட்டிப்பிடிப்பது மட்டும்தான் தெரியும், அந்த விடுதிக்கு வாரா வாரம் போய் வந்தது தெரியாது.

உதவுகிறவர்களுக்கு உதவி

புகழும் பணமும் வந்த அந்த நேரத்தில், 1984-ல், அவர் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். ஃபெலீச்சே ஃபவுண்டேஷன். அவருடைய முதல் பெயர்தான், 'மகிழ்ச்சி'. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது ஒருத்தர் பெயர் என்றே தெரியாது.

அது யாருக்காக என்பதுதான் முக்கியம். அடுத்தவருக்கு உதவுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்களுக்குக் கைகொடுப்பது அதன் நோக்கம். யோசித்துப் பார்த்தால் இது ஒரு ஆசிரியர் மட்டுமே யோசிக்கக்கூடிய விஷயம். அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலையும் அதுதானே? குழந்தைகளுக்கு நேராகப் பாடம் எடுப்பதைவிட, குழந்தைகளிடம் போகப்போகும் ஆசிரியர்களைத் தயார் செய்தார். அறக்கட்டளையும் அதே தடத்தில் போனது. 1998-ல் லியோ இறந்தார். வயது 74.

பெயர் இல்லாத ஒரு டீச்சர்

லியோவின் சின்ன வயசுக் கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் இத்தாலிய மொழி பேசி வளர்ந்த பையன், அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்தபோது அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு தேர்வு வைத்தார்கள். விளைவு, மனவளர்ச்சி குன்றியவன் என்று முத்திரை குத்தி, அதற்கான வகுப்பில் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த வகுப்பில் ஒரு டீச்சர் இருந்தார். முத்திரையைக் கண்டுகொள்ளாமல் அந்தப் பிள்ளைகளை அணைத்து வளர்த்தவர். பிறகு மறுபடி தேர்வு வைத்து வழக்கமான வகுப்புக்கு மாற்றியபோது, அந்த வகுப்புதான் தனக்குச் சலிப்பாக இருந்தது என்று லியோ பிற்காலத்தில் மேடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்தச் சிறுவன்தான் வளர்ந்து சிறப்புக் கல்விப் பேராசிரியர் ஆனான். அந்த டீச்சருக்கு வளைவும் இல்லை, டிரஸ்டும் இல்லை. ஆனால் அவர் செய்தது லியோ வழியாகப் பல ஆசிரியர்களிடம் போய்ச் சேர்ந்தது. இதைப் படித்தபோதுதான் எனக்கு என் உறுத்தல் என்ன என்று புரிந்தது.

கடைக்கு வந்த டீச்சர்

ஒன்பதாம் வகுப்பில் நான் பதினோரு நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. அப்பாவுக்கு ஆக்சிடென்ட், அம்மா ஆஸ்பத்திரியில் அப்பா கூட. எங்க பெட்டிக்கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாவது நாள் சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்தாங்க. ரெண்டு கடலைமிட்டாய் வாங்கினாங்க, காசு கொடுத்தாங்க. ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றி விசாரிச்சாங்க. கிளம்பும்போது பையில் இருந்து ஒரு நோட்டை எடுத்து வெச்சாங்க. பதினோரு நாள் பாடமும் அவங்க கையெழுத்தில். "எப்ப முடியுதோ அப்ப வாம்மா. உன் இடத்துல யாரையும் உக்கார வைக்கல."

நான் அந்த வகுப்பில் முதல் மார்க் வாங்கியதே இல்லை. டீச்சர் தேடி வந்தது முதல் மார்க் வாங்கியவரை இல்லை, வராதவரை. அவங்க பேரில் முதல் மார்க்குக்குப் பரிசு கொடுத்தால், பேர் நிற்கும். அவங்க செய்த வேலை நின்றுபோகும்.

சரி, நடைமுறைக்கு வருவோம்

உங்க குரூப்பிலும் இப்படி ஒரு பேச்சு வந்தால், மூணு வழி இருக்கு.

முதல் வழி, வைப்புநிதி. பணத்தை ஒரு கல்வி நிறுவனத்திடம் ஒப்படைப்பீர்கள், வட்டியில் பரிசோ உதவித்தொகையோ போகும். எங்க மூணு லட்சத்துக்கு ஆறரை சதவீத வட்டி என்று வைத்தால் வருஷத்துக்கு 19,500 ரூபாய், மாதம் 1,625. நீண்ட காலம் நிற்கும், ஆனால் சின்னத் தொகை.

இரண்டாவது, சொந்த டிரஸ்ட். டிரஸ்ட் பத்திரம் எழுதி சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், டிரஸ்ட் பேரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும் வேண்டும். வருமான வரி விலக்குக்குத் தனிப் பதிவு, நன்கொடை கொடுப்பவர் பழைய வரி முறையில் கழிவு பெறத் தனி அனுமதி. விலக்கு வேண்டுமென்றால் பொதுவாக வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அந்த நோக்கத்துக்கே செலவழிக்க வேண்டும். கணக்கு, ஆடிட், ரிட்டர்ன் எல்லாம் உண்டு. முதல் வருஷ உற்சாகம் போன பிறகு அஞ்சாவது வருஷம் யார் ஆடிட்டரிடம் போவது? இதை முதல் நாளே கேட்டுடுங்க.

மூன்றாவது, ஏற்கெனவே நல்லா நடக்கிற ஒரு அமைப்போடு சேர்வது. பேர் பெரிசா தெரியாது, வேலை நாளைக்கே ஆரம்பிக்கும்.

ஆனால் இந்த மூணில் எது என்பது இரண்டாவது கேள்வி. டிரஸ்ட் பத்திரத்தில் 'நோக்கம்' என்று ஒரு பகுதி வரும். அதில் 'கல்வி மேம்பாடு' என்று பொதுவாக எழுதிவிட்டால் பின்னாடி எதை வேண்டுமானாலும் செய்யலாம், அதனாலேயே எதுவும் நடக்காமலும் போகலாம். அந்த டீச்சர் உண்மையில் என்ன செய்தார் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க. எங்களுக்கு வந்த வாக்கியம்: 'வராத பிள்ளையைத் தேடிப் போனார்.'

போன மாசம் நாங்க ரெண்டு பேர் ஸ்கூலுக்குப் போய் இப்போது இருக்கும் ஆசிரியர்களிடம் பேசினோம். யார் யார் வராமல் இருக்கிறார்கள் என்று அவங்களுக்குப் பேர் பேராகத் தெரியும். வீடு தேடிப் போவதற்கு ஆட்டோ காசு, ஒரு பையனுக்குக் கண்ணாடி, எல்லாம் அவங்க கைக்காசு. ஒரு டீச்சர் சொன்னாங்க: "ஒரு பொண்ணு கடையில உக்கார்றதால வர்றதில்ல. ஒரு மாசம் அந்தக் கடைக்கு ஆள் வெச்சா அவ வந்துடுவா." நான் எதுவும் பேசவில்லை.

இப்போதைக்கு முடிவு இதுதான்: வளைவு இல்லை, ரேங்க் பரிசு இல்லை. மூணு லட்சமும் மூணு வருஷத்தில், அந்த ஆசிரியர்கள் கேட்கும் இந்த மாதிரிச் செலவுகளுக்கு, ரசீது வைத்து. தேடிப் போகிறவர்களுக்கு உதவுவது, ஃபெலீச்சே ஃபவுண்டேஷன் மாதிரி. மூணு வருஷத்துக்குப் பிறகும் எங்களுக்கு அக்கறை இருந்தால் டிரஸ்டாகப் பதிவோம். டீச்சர் பேரை வைப்பதா வேண்டாமா என்று குரூப்பில் இன்னும் ஓட்டெடுப்பு ஓடுது.

உங்களைத் தேடி வந்த டீச்சர் யாராவது இருந்தா, அவங்க என்ன செஞ்சாங்கன்னு ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதி அனுப்புங்க. அவங்க இன்னும் இருக்காங்கன்னா, முதல்ல அவங்களுக்கே ஒரு ஃபோன் பண்ணுங்க. நான் பண்ணல. அடுத்த வாரம் பார்ப்போம்.