40 கிலோபைட்டுக்குள் ஒரு ராஜ்ஜியம்

மரியோ ஆட்டத்தில் 1-4 கோட்டையின் கடைசியில், கொதிக்கும் குழம்புக்கு மேலே பாலத்தில் நின்று நெருப்பு கக்குமே ஒரு டிராகன், நினைவிருக்கிறதா? நாமெல்லாம் அதன் தலைக்கு மேலே தாவிக் குதித்து, அந்தப் பக்கம் இருக்கும் கோடாலியைத் தொட்டு, பாலம் அறுந்து அது விழுவதைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்கள். இப்போது ஒன்று செய்து பாருங்கள். பூவை எடுத்து, நெருப்பு உருண்டை வீசும் வரத்தோடு அங்கே போங்கள். தாவாமல் நின்று ஐந்து உருண்டைகளை அதன் மேல் எறியுங்கள். டிராகன் மறைந்துவிடும். அது நின்ற இடத்திலிருந்து ஒரு குட்டிக் காளான் தலைகீழாகக் கவிழ்ந்து விழும்!

ஆம், ஆட்டத்தின் முதல் நொடியில் நாம் மிதித்த அதே காளான். இவ்வளவு நேரமும் டிராகன் வேஷம் கட்டிக்கொண்டு நம்மை மிரட்டியிருக்கிறது! இரண்டாவது கோட்டை டிராகனுக்குள் இருப்பது ஓர் ஆமை. இப்படி ஏழு கோட்டைகளில் ஏழு வேஷக்காரர்கள். எட்டாவது கோட்டையில் நிற்பதுதான் அசல் டிராகன், பௌசர். இது தெரியாமலே கோடிக்கணக்கான பேர் ஆடி முடித்திருக்கிறோம். எனக்கு இது தெரியவந்த இரவு தூக்கமே வரவில்லை.

வீடியோ கேம் என்ற கலையின் ஆகச் சிறந்த படைப்பு எது என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியான ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’. நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கேசட்டின் உள்ளே எட்டிப் பார்த்ததால் சொல்கிறேன். வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுகிறேன்.

முதலில் அளவு. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட். காலை வணக்கம் சொல்லி உங்கள் கைபேசிக்கு வருமே ஒரு ரோஜாப்பூப் படம், பெரும்பாலும் அதுவே இதைவிடப் பெரிது! இந்த 40-ல் 32 கிலோபைட் விதிகளுக்கும் வரைபடங்களுக்கும் இசைக்கும். மீதி 8 கிலோபைட்டில்தான் படங்கள் எல்லாம். மரியோ, ஆமை, காளான், பைப், கோட்டை, மீன், எழுத்துகள், இளவரசி என்று கண்ணுக்குத் தெரிகிற அத்தனையும் 8 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும்.

எப்படி அடங்கியது? சிக்கனமான அம்மாக்கள் குடும்பம் நடத்துகிற விதத்தில்தான். வானத்து மேகத்தைப் பாருங்கள், பிறகு தரையில் இருக்கும் புதரைப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்! வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். பெரிய மலையைத் தரைக்குள் கொஞ்சம் புதைத்து வைத்தால் அதுவே சின்ன மலை. பாதாளத்துக்குள் போனதும் செங்கலும் காளானும் நீலமாகத் தெரிவதும் வண்ணம் மாறியதால்தான், படம் பழைய படமே. காளான் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறதே, அந்த நடைக்கும் ஒரே படம்தான். அதை வலமும் இடமுமாகக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லாம் முடிந்த பிறகு சேர்க்கப்பட்ட எதிரி அது, இன்னொரு படம் வரைய இடமில்லை. அதன் ஜப்பானியப் பெயர் குரிபோ. ‘குரி’ என்றால் செஸ்ட்நட் கொட்டை. நாம் காளான் என்று நினைத்து மிதித்துக்கொண்டிருப்பது பெயரளவில் ஒரு கொட்டையை!

என்னை இன்னும் அதிகமாகத் துள்ள வைத்தது பின்னணி. மேகமும் மலையும் புதரும் கட்டம் முழுக்க விதவிதமாகச் சிதறிக் கிடப்பதாகத்தானே தோன்றும்? சரியாக மூன்று திரை நீளத்துக்கு ஒருமுறை அதே வரிசை அப்படியே திரும்பி வருகிறது. ஒரே சேலையின் கரையை நீட்டி நீட்டி ஓர் உலகத்துக்கே சுற்றிவிட்டார்கள். அடுத்த முறை 1-1-ல் ஓடும்போது வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுங்கள், பிடிபட்டுவிடும்.

இதைச் செய்தவர்கள் யார்? கியோட்டோவில் நின்டெண்டோ அலுவலகத்தில் ஒரு சின்னக் குழு. தலைவர் ஷிகெரு மியமோட்டோ. தொழில்துறை வடிவமைப்புப் படித்துவிட்டு 1977-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். 1981-ல் ‘டாங்கி காங்’ ஆட்டத்துக்காக மரியோவை வரைந்தவரும் அவரே. அந்தத் துளியூண்டு படத்தில் வாயை வரைய முடியாததால் மீசை வைத்தார். தலைமுடியை வரைவது கஷ்டம் என்று தொப்பி போட்டார். கை அசைவது தனியாகத் தெரிய வேண்டும் என்று தோளில் பட்டி வைத்த அந்த உடுப்பை மாட்டினார். உலகத்துக்கே தெரிந்த அந்த முகம் இப்படித்தான் பிறந்தது.

மியமோட்டோவும் தக்காஷி தெசுக்காவும் ஒவ்வொரு கட்டத்தையும் கிராஃப் தாளில் கையால் வரைந்தார்கள். திருத்தம் வந்தால் மேலே ஒரு டிரேசிங் தாளை வைத்து அதில் மாற்றி வரைவார்கள். அதை டோஷிஹிக்கோ நக்காகோவின் குழுவினர் எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குள் ஏற்றுவார்கள். ஒரு பைப்பை நட்டு வைக்க இரண்டே பைட் போதும்! எங்கே வைப்பது, என்ன வைப்பது, முடிந்தது கதை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டின் கட்டங்களுக்குள் மரியோ வரைந்து திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: நீங்கள் செய்தது அசல் தொழில்முறை.

இனி என் மனசுக்கு மிக நெருக்கமான இடம்: 1-1. ஆட்டத்தின் முதல் கட்டம். இதை அவர்கள் முதலில் செய்யவில்லை. மற்ற கட்டங்களைச் செய்து, ஆட்டம் எப்படிப்பட்டது என்று தங்களுக்கே விளங்கிய பிறகுதான் வாசலைக் கட்டினார்கள்.

போன மாதம் என் அக்கா மகளை, ஒன்பது வயது, இதன் முன்னால் உட்காரவைத்தேன். எப்படி ஆடுவது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். திரையில் மரியோ இடது ஓரமாக வலப்பக்கம் பார்த்து நிற்கிறான், எதிரே வெட்டவெளி. வலப்பக்கம்தான் போக வேண்டும் என்று அவளுக்குத் தானாகத் தெரிந்தது. போனாள். கேள்விக்குறி போட்ட பெட்டி மினுமினுக்கிறது, எதிரே காளான் வருகிறது. மோதினாள், செத்தாள். அடுத்த முறை தாவினாள். தலை பெட்டியில் இடித்துக் காசு வந்தது, “ஐ!” என்றாள். அடுத்த பெட்டியை இடித்ததும் இன்னொரு காளான் வெளியே வந்தது. ஏற்கெனவே ஒரு காளானால் செத்தவள், பதறிப் பின்வாங்கினாள். காளான் வலப்பக்கம் ஓடியது, நிம்மதியாக மூச்சுவிட்டாள். ஆனால் அங்கே ஒரு பைப் இருக்கிறதே! அதில் முட்டித் திரும்பி இவளை நோக்கி வந்தது. தப்பிக்கத் தாவினாள். மேலே செங்கல். தலை இடித்து நேராகக் காளான் மேலேயே விழுந்தாள். மரியோ பெரிதானான். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவேன்!

இதில் எதுவுமே தற்செயல் இல்லை. பைப்பை அங்கே வைத்ததும் செங்கலை அந்த உயரத்தில் வைத்ததும், பயந்து ஓடுகிற பிள்ளையும் அந்தக் காளானைத் தொட்டே தீர வேண்டும் என்பதற்காக. மியமோட்டோ இதைப் பின்னாளில் தானே விளக்கியிருக்கிறார். முதல் எதிரியாக முன்பு ஆமையைத்தான் வைத்திருந்தார்கள். மிதித்து, பிறகு உதைக்க வேண்டும் என்பது புதியவர்களுக்குச் சிரமமாக இருந்தது. ஒரே மிதியில் ஒழிகிற ஒருவன் வேண்டும் என்றுதான் கடைசி நேரத்தில் அந்தக் குரிபோ பிறந்தான். கொஞ்ச தூரம் போனால் எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவில் கெட்டித் தரை, தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அடுத்து அதே போன்ற படிக்கட்டுகள், இந்த முறை நடுவில் பள்ளம். வலை கட்டிப் பழக்கிவிட்டு வலையை எடுத்துவிட்டார்கள்! ஓர் எழுத்துகூட இல்லாமல் இத்தனை பாடம். சினிமாவுக்கோ நாவலுக்கோ சாத்தியமில்லாத ஒன்றை ஓர் ஊடகம் செய்துகாட்டுகிற இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் தாவலைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? பட்டனைத் தொட்டு விட்டால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். உள்ளே நடப்பது என்ன தெரியுமா? மரியோ மேலே போகும்போது பட்டன் அழுந்தியிருக்கும்வரை அந்த உலகத்தின் ஈர்ப்பு விசை குறைவாக இருக்கும். விரலை எடுத்ததும் கூடிவிடும். உங்கள் கட்டைவிரல் ஒரு கிரகத்தின் எடையை மாற்றிக்கொண்டிருக்கிறது! அந்தரத்தில் மனசு மாறினால் திசையையும் திருப்பிக்கொள்ளலாம். இயற்பியல் ஆசிரியர் ஒப்ப மாட்டார், விரல் உடனே ஒப்பும். ஆரம்பத் திட்டத்தில் தாவுவதற்கு மேல்நோக்கிய அம்பு, பட்டன் சுடுவதற்கு என்று வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மரியோ ராக்கெட்டிலும் மேகத்திலும் ஏறிச் சுடுகிற கட்டம்கூடத் திட்டத்தில் இருந்தது. அதன் மிச்சம்தான் கொடியில் ஏறினால் வரும் அந்த மேகத்துக் காசுச் சுற்று.

இசைக்கு வருவோம். கோஜி கொண்டோ, அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். முதலில் போட்ட மெட்டு மரியோவின் ஓட்டத்தோடு ஒட்டவில்லை என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓடுவதையும் தாவுவதையும் பார்த்துப் பார்த்துப் புதிதாகப் போட்டார். அவர் கையில் இருந்தவை மூன்று குரல்களும் தாளத்துக்கு ஓர் இரைச்சலும்தான். தாவும் சத்தத்துக்கும் அவற்றிலிருந்தே ஒரு குரலைக் கடன் வாங்க வேண்டும். அதனால் நீங்கள் தாவும்போதெல்லாம் பாட்டின் ஒரு குரல் கணநேரம் வாயை மூடிக்கொள்கிறது. காது கண்டுபிடிப்பதே இல்லை! 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த மெட்டைச் சேர்த்தது. அந்தப் பட்டியலுக்குள் போன முதல் வீடியோ கேம் இசை இதுதான். நம் ஊரில் 90களின் கோடை விடுமுறையில் வீடு வீடாக ஒலித்ததும் இதுவே. டிவி கேம் என்று நாம் வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியின் நகல்கள். கேசட்டை உருவி, ஊதி, மறுபடி சொருகியதும் இந்த மெட்டு கேட்டால்தான் உயிர் வந்தது. (ஊதியதில் பலன் இல்லை, மறுபடி சொருகியதில்தான் பலன்.)

பிழைகளும் அழகு. 1-2-ன் கடைசியில் சுவரை ஊடுருவி ஒரு குறிப்பிட்ட பைப்புக்குள் இறங்கினால் ‘-1’ என்ற உலகம் வரும். முடிவே இல்லாத தண்ணீர்க் கட்டம். உண்மையில் அது 36-ஆம் உலகம்! படப் பட்டியலில் 0 முதல் 9 வரை எண்கள், 10 முதல் 35 வரை ஆங்கில எழுத்துகள், 36-ஆவது வெற்றிடம். ‘36-1’ என்று காட்ட வேண்டிய இடத்தில் 36 வெற்றாகிவிட ‘-1’ மட்டும் நிற்கிறது. 3-1 படிக்கட்டில் ஆமையை விடாமல் மிதித்து உயிர் சேர்ப்போமே, அது அவர்கள் தெரிந்தே விட்டுவைத்த வழி. இவ்வளவு சுலபமாக மக்கள் செய்துவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்க்கவில்லையாம். ஆசைப்பட்டு 127-க்கு மேல் சேர்த்துவிடாதீர்கள். கணக்கு எதிர்மறைக்குப் போய், அடுத்த சாவோடு ஆட்டமே முடிந்துவிடும்.

ஆகச் சிறந்த ஆட்டம் டெட்ரிஸ் என்பீர்கள். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த அந்த ஆட்டத்தை எதிர்த்து வாதாட எனக்கும் மனம் வருவதில்லை. ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத வெண்பா அது. ஆனால் அதற்குள் ஓர் ஊர் இல்லை, போய்ப் பார்க்க ஒரு மூலை இல்லை. 1998-ன் ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். அதன் மூதாதையான முதல் ‘செல்டா’வை மியமோட்டோவும் தெசுக்காவும் மரியோவோடு ஒரே காலத்தில்தான் செய்துகொண்டிருந்தார்கள். கோட்டைகளில் சுழலும் நெருப்புக் கம்பிகள்கூட செல்டாவுக்காக யோசித்து மரியோவுக்கு வந்தவை. அந்த மரத்தின் வேரும் இந்த மண்ணில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கட்டத்தின் முடிவில் கொடிக்கம்பத்தைத் தொட்டதும் சில சமயம் வாணம் வெடிக்கும், சில சமயம் வெடிக்காது. அதிர்ஷ்டம் என்றுதானே நினைத்தோம்? கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்று இருந்தால் அத்தனை வாணம்! இந்த ஒன்றை மட்டும் அக்கா மகளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கம்பத்துக்கு ஓடுவதே இல்லை. கடைசிப் படியின் உச்சியில் மரியோவை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் ஓடும் எண்ணையே பார்க்கிறாள். “மாமா, பேசாதீங்க. 9... 8... 7...” என்று முணுமுணுக்கிறாள். தாவினாள்.

ஆறு வாணம்!